454 பிளாக்கிலிருந்து 496: ஷெவெல் காருக்கு ஒரு பிக் பிளாக் என்ஜின் கட்டும் முழு வழிகாட்டி

பழைய மசில் கார் கையில் வந்ததும் பெரும்பாலானோர் முதலில் வாங்குவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட். ஐடிலில் கார் குலுங்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டுத்தான். அப்புறம் கார்புரேட்டர், அப்புறம் ஹெட். பிளாக்கைக் கழுவி அளந்து பார்ப்பது கடைசியில். அளந்த பிறகுதான் தெரியும், வாங்கிய மூன்றில் இரண்டு இதற்குப் பொருந்தாது என்று. நானும் அப்படி ஒரு கேம்ஷாஃப்டை வாங்கி, இரண்டு வருடம் அலமாரியில் வைத்திருந்து, பாதி விலைக்கு விற்றவன்தான். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை நேர்மாறாக இருக்கும். முதலில் கார், பிறகு பிளாக், பிறகு அளவு. கேம்ஷாஃப்ட் பின்னால் வரும்.

எடுத்துக்கொள்ளும் கார் 1970 செவ்ரோலே ஷெவெல். நடுத்தர அளவு கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தது. 1970 மாடலுக்கு அதைத் தளர்த்தினார்கள். அந்த வருடமே ஷெவெலில் 454 கன அங்குல பிக் பிளாக் என்ஜின் வந்தது. எல்.எஸ்.5 என்ற வகைக்கு 360 குதிரைத் திறன், எல்.எஸ்.6 வகைக்கு 450. அன்றைய எண்கள் மின்விசிறி, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் மேடையில் வைத்து அளந்தவை. 1972-இல் எல்லாம் பூட்டி அளக்கும் முறைக்கு மாறியபோது, கம்ப்ரஷனும் குறைந்திருந்த எல்.எஸ்.5-இன் எண் 270 ஆகிவிட்டது. ஆகவே பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

454 என்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4.250 அங்குலம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 4.000 அங்குலம். போரை 0.060 அங்குலம் அகலப்படுத்தி (பட்டறையில் ‘பெருக்குதல்’ என்பார்கள்), ஸ்ட்ரோக்கை 4.250 ஆக்கினால் 496 கன அங்குலம் கிடைக்கும். நமது இலக்கு, 6000 ஆர்.பி.எம்.-க்குள் 550 முதல் 600 குதிரைத் திறன், பங்கில் கிடைக்கும் பெட்ரோல், சிக்னலில் நின்றால் சூடேறாத கார். இதற்கு மேல் வேண்டுமானால் செலவு இரட்டிப்பாகும், ஓட்டும் சுகம் பாதியாகும்.

இனி அளவுகளைத் ‘தௌ’ என்றும் சொல்வேன். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறையில் புழங்கும் சொல்தான்.

1. காரிலிருந்து தொடங்குங்கள்

என்ஜின் எந்த வேகத்தில் சுற்றப்போகிறது என்பதை ஆக்சிலும் டயரும்தான் முடிவு செய்கின்றன. மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுங்கள். டாப் கியர் நேரடியாக ஒன்றுக்கு ஒன்று என்றால், வருவது ஆர்.பி.எம். 28 அங்குல டயர், 60 மைல் வேகம்: 3.31 ஆக்சிலில் சுமார் 2380, 3.73-இல் சுமார் 2690, 4.10-இல் சுமார் 2950. ஓவர்டிரைவ் இல்லாத டர்போ 400 கியர்பாக்ஸோடு 4.10 போட்டு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், காது சொல்லும். என் தேர்வு 3.31 அல்லது 3.73. இவ்வளவு பெரிய என்ஜினுக்குக் கீழ் வேகத்திலேயே டார்க் ஏராளம். அதைக் கியரால் மேலும் பெருக்க அவசியமில்லை.

பிரேக் எப்படி என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். வெற்றிடத்தில் இயங்கும் பவர் பிரேக் இருந்தால், பெரிய கேம்ஷாஃப்ட் போட்டதும் என்ஜினின் வெற்றிடம் குறைந்து பிரேக் மிதி கல்லாகிவிடும். பானட் தட்டையா, நடுவில் உயர்ந்த கௌல் மேடு உள்ளதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு எவ்வளவு உயரம் போகலாம் என்பது அதில் இருக்கிறது.

2. சரியான பிளாக்கைத் தேடுவது

நமக்கு வேண்டியது மார்க் ஃபோர் எனப்படும் தலைமுறை. 1965-இல் 396 ஆக அறிமுகமாகி, 454 ஆக வளர்ந்து, 1990 வரை டிரக்குகளில் ஓடியது. பழைய டிரக்கிலிருந்து கழற்றிய 454 கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். ஷெவெலில் வந்ததற்கும் அதற்கும் வார்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. விலையில்தான் உண்டு.

சிக்கிக்கொள்ளும் இடங்கள் சில உள்ளன. 396, 402 பிளாக்குகளின் போர் சிறியது, அதை 4.250-க்குப் பெருக்க முடியாது. 427-க்கும் 454-க்கும் போர் ஒன்றே, ஆகவே 427 பிளாக்கும் நமக்கு ஆகும். ஆனால் கனரக டிரக்குகளில் வந்த 427 வேறு, அதன் டெக் உயரம் (கிராங்கின் அச்சிலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை) 9.800-க்குப் பதில் 10.200 அங்குலம். சாதாரண இன்டேக் மேனிஃபோல்டு அதில் உட்காராது. 1991-க்குப் பின் வந்த பிளாக்குகளில் பின் சீல் ஒரே துண்டு, தண்ணீர்ப் பாதைகளும் வேறு மாதிரி. அவற்றில் என்ஜின் கட்ட முடியாது என்றில்லை. ஆனால் பழைய ஹெட், கேஸ்கட், கிராங்க் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பொருத்தம் பார்க்க வேண்டும். முதல் முறை கட்டுபவருக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

கிராங்கை அடியில் பிடித்துவைக்கும் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்டா, நான்கு போல்ட்டா? ஆயில் பானைக் கழற்றினால்தான் உறுதியாகத் தெரியும். 6000 ஆர்.பி.எம்.-க்குள் ஓடும் 600 குதிரைத் திறனுக்கு, நல்ல ஸ்டட் போட்டு லைன் ஹோன் செய்த (மெயின் பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்த்துச் சீராக்கிய) இரண்டு போல்ட் பிளாக்கே தாங்கும். நான்கு போல்ட் கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்று ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

3. கழற்றுதல்

முழு இரும்பு பிக் பிளாக்கின் எடை 300 கிலோவைத் தாண்டும். மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டாதீர்கள். கழற்றும்போது மெயின் கேப்புகளில் எண்ணும் முன்பக்க அம்புக்குறியும் உள்ளனவா என்று பாருங்கள், இல்லையென்றால் குத்திவையுங்கள். எந்த கேப் எங்கிருந்ததோ அங்கேதான் திரும்பிப் போக வேண்டும்.

பழைய பேரிங்குகளைத் தூக்கி எறியாமல் வரிசையாக அடுக்கி வையுங்கள். நடு மெயின் பேரிங்குகள் மட்டும் தேய்ந்திருந்தால் பிளாக் வளைந்திருக்கலாம். எல்லாமே ஒரே மாதிரி கீறியிருந்தால் ஆயிலில் அழுக்கு. இவ்வளவு தகவலைச் சும்மா தரும் பொருள் என்ஜினுக்குள் வேறெதுவும் இல்லை.

4. லேத் பட்டறை

பணத்தில் கணிசமான பங்கு இங்கேதான் போகும், போகவும் வேண்டும். வேலைகளின் வரிசை இது: சூடான தொட்டியில் கழுவுதல், காந்தப் பொடியால் விரிசல் சோதனை, ஒலி அலையால் சிலிண்டர் சுவரின் தடிமன் பார்த்தல், லைன் ஹோன், டெக் சமன் செய்தல், போர் பெருக்குதல், ஹோனிங்.

விரிசல் சோதனையில் தண்ணீர் ஓடும் கீழ்ப்பகுதியை மறக்கக் கூடாது. குளிர்நாட்டுக் கார்களில் குளிர்காலத்தில் கூலன்ட் உறைந்து பிளாக் வெடிப்பது உண்டு. வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

ஒலி அலைச் சோதனையை மட்டும் தவிர்க்கவே கூடாது. வார்க்கும்போது உள்ளே உள்ள மணல் அச்சு சற்று நகர்ந்திருந்தால், சிலிண்டரின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில், போர் பெருக்கிய பிறகும் 200 தௌ மிஞ்சினால் எனக்கு நிம்மதி. சோதனையில் சுவர் மெலிவாக வந்தால் 60 தௌ ஆசையை விட்டுவிட்டு 30 தௌவோடு நிறுத்துங்கள். அதே ஸ்ட்ரோக்கில் 489 கன அங்குலம் வரும். காரில் அந்த ஏழு கன அங்குல வித்தியாசத்தை யாராலும் உணர முடியாது.

ஹோனிங் செய்யும்போது டார்க் பிளேட் போடச் சொல்லுங்கள். ஹெட் போல்ட் இறுகியதும் சிலிண்டர் வாய் சற்றே கோணலாகும். தடிமனான ஒரு தகட்டை ஹெட் போலவே இறுக்கி, அந்தக் கோணலோடு ஹோன் செய்தால், உண்மையான ஹெட் உட்காரும்போது போர் வட்டமாக இருக்கும். மெயின் கேப்பில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போடுவதாக இருந்தால், ஸ்டட்டை முன்னமே வாங்கிக் கொடுத்து, அதை இறுக்கியே லைன் ஹோன் செய்ய வேண்டும். இறுக்கும் விசை மாறினால் துளையின் வடிவமும் மாறும்.

பிஸ்டன் கைக்கு வராமல் போர் பெருக்க விடாதீர்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டனின் உலோகக் கலவையைப் பொறுத்துச் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி மாறும். பெட்டிக்குள் வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வேதம்.

5. கம்ப்ரஷன் கணக்கு

காகிதமும் பேனாவும் எடுங்கள். இந்த ஒரு பக்கக் கணக்கைப் போடாமல் பிஸ்டன் ஆர்டர் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிராங்க் ஸ்ட்ரோக்கில் பாதி 2.125. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு 6.385. பிஸ்டன் பின்னிலிருந்து மேல்தட்டு வரை 1.270. மூன்றையும் கூட்டினால் 9.780. டெக்கை 9.785-க்குச் சமன் செய்தால் பிஸ்டன் மேலே வரும்போது 5 தௌ கீழே நிற்கும். 39 தௌ கேஸ்கட் போட்டால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே 44 தௌ. இந்த இடைவெளி 40 முதல் 45-க்குள் இருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் உள்ள கலவை நடுவே பிதுங்கிச் சுழலும். நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) குறையும். இதே இடைவெளி 80, 90 என்று அகன்றால் அந்தப் பலன் போய்விடும். கம்ப்ரஷனைக் குறைத்தால் நாக்கிங் குறையும் என்று நினைத்துத் தடித்த கேஸ்கட் போடுபவர்கள் அதனால்தான் ஏமாறுகிறார்கள்.

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 496 என்ஜினில் சுமார் 1016 சி.சி. மேலே மிஞ்சும் இடம்: ஹெட் சேம்பர் 119, கேஸ்கட் சுமார் 9.6, டெக் இடைவெளி சுமார் 1.2. வால்வு பள்ளம் மட்டும் உள்ள தட்டைப் பிஸ்டன் என்றால் இன்னும் 3 சி.சி. சேரும். மொத்தம் 132.8, விகிதம் 8.65. சோம்பேறி என்ஜின். 18 சி.சி. மேடு உள்ள பிஸ்டன் போட்டால் மொத்தம் 111.8 ஆகும், விகிதம் 10.1. அலுமினிய ஹெட்டோடு அமெரிக்க 93 ஆக்டேன் பெட்ரோலுக்கு இது சரி. இரும்பு ஹெட் என்றால் 9.5-ஐத் தாண்ட வேண்டாம்.

இதே பிஸ்டன் மேட்டை ஸ்ட்ரோக் மாறாத, 30 தௌ பெருக்கிய 460 என்ஜினில் வைத்தால் 9.4தான் வரும். ஸ்ட்ரோக் கூடும்போது கம்ப்ரஷனும் கூடவே ஏறும். வேறொருவர் வெற்றிகரமாகக் கட்டிய பட்டியலை அப்படியே நகலெடுக்கும்போது கவிழ்வது இங்கேதான்.

6. பேலன்ஸ்

454 கிராங்க் வெளிப்புற பேலன்ஸ் வகை. எடையின் ஒரு பகுதி முன்னால் உள்ள டேம்பரிலும் பின்னால் உள்ள ஃபிளைவீல் அல்லது ஃபிளெக்ஸ்பிளேட்டிலும் இருக்கும். 396, 427 உள்பேலன்ஸ். ஒன்றின் ஃபிளைவீலை மற்றதில் போட்டால் பூட்டும்போது ஒரு தடையும் இருக்காது, ஓட்டும்போது பல் ஆடும். 4.250 ஸ்ட்ரோக் கிராங்க் இரண்டு வகையிலும் விற்கிறார்கள். நான் உள்பேலன்ஸ் வாங்குவேன். கிராங்க், ராடு, பிஸ்டன், ரிங், பேரிங், டேம்பர், ஃபிளெக்ஸ்பிளேட் அனைத்தையும் ஒரே நாளில் ஒரே பட்டறையில் கொடுத்து பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

7. கழுவுதல், மீண்டும் கழுவுதல்

பட்டறையிலிருந்து வரும் பிளாக் சுத்தமாக இருப்பதில்லை, பளபளப்பாக இருக்கும். இரண்டும் வேறு. ஒரு முறை ஒரு பட்டறையில் ‘கழுவி முடித்துவிட்டோம், அப்படியே பூட்டலாம்’ என்று சொல்லிக் கொடுத்த பிளாக்கில், ஆயில் துளைக்குள் நீளமான பிரஷை விட்டு இழுத்தேன். ஹோனிங் கல்லின் சாம்பல் நிறச் சேறு ஒரு கரண்டி அளவு வந்தது. அது பேரிங்குக்குப் போயிருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

எல்லா ஆயில் பிளக்குகளையும் கழற்றுங்கள். சூடான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, துப்பாக்கிக் குழாய் துடைக்கும் பிரஷ். சிலிண்டர் சுவரை வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வராத வரை நிறுத்தக் கூடாது. காய்ந்ததும் உடனே ஆயில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் துரு பூக்கும்.

8. கீழ்ப்பகுதி பூட்டுதல்

முதலில் ஸ்ட்ரோக்கர் கிராங்கைச் சும்மா படுக்க வைத்து, ஒரு ராடைப் பூட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சுற்றிப் பாருங்கள். ராடு போல்ட்டின் தலை சிலிண்டர் சுவரின் அடிப்பகுதியையோ ஆயில் பான் ஓரத்தையோ தொடலாம். 60 தௌ இடைவெளி எங்கும் வேண்டும். இல்லாத இடத்தில் கிரைண்டரால் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும். ஆகவே கடைசிக் கழுவலுக்கு முன் இந்த ஒத்திகையை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். ராடுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் உள்ள இடைவெளியைக் கேம் வந்த பிறகு இன்னொரு முறை பார்க்கலாம்.

பேரிங் இடைவெளிக்கு ஒரு எளிய விதி உண்டு. ஜர்னல், அதாவது பேரிங்கில் சுழலும் கிராங்கின் உருளைப் பகுதி, அதன் விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஒரு தௌ. மெயின் ஜர்னல் 2.75 அங்குலம், எனவே 2.7 தௌவிலிருந்து 3 வரை. ராடு ஜர்னல் 2.20 அங்குலம், எனவே 2.2-லிருந்து 2.7 வரை. பிளாஸ்டிக் இழையை நசுக்கி அளப்பது அவசரத்துக்கு உதவும், அதை நம்பி என்ஜின் கட்டாதீர்கள். மைக்ரோமீட்டரால் ஜர்னலை அளந்து, கேப்பை முழு விசையில் இறுக்கி, போர் கேஜால் பேரிங்கின் உள்விட்டத்தைப் பாருங்கள். கிராங்க் முன்பின் ஆட்டம் 6 முதல் 10 தௌ.

தொழிற்சாலை போல்ட்டுகளுக்கு நான்கு போல்ட் மெயின் கேப்பில் 110 பவுண்டு-அடி, மூன்று கட்டமாக ஏற்ற வேண்டும். ஸ்டட் என்றால் இந்த எண்ணை மறந்துவிட்டு ஸ்டட் செய்தவர் சொல்லும் எண்ணை, அவர் சொல்லும் பசையோடு பயன்படுத்துங்கள். ஆயில் தடவி இறுக்குவதற்கும் மோலி பசை தடவி இறுக்குவதற்கும் விசை வேறு. ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால் கடைசியாக இறுக்கிய கேப்தான் குற்றவாளி.

இரண்டு துண்டு பின் சீலின் விளிம்பு என்ஜினின் உள்பக்கம் நோக்க வேண்டும். சீலின் முனைகள் கேப் சேரும் கோட்டிலேயே சந்திக்காமல் கால் அங்குலத்துக்கு மேல் தள்ளி இருக்கட்டும், கேப் மூலைகளில் துளி சீலன்ட். பிக் பிளாக் ஆயில் ஒழுகுவதற்குப் பாதிக் காரணம் இந்த மூலை.

பிஸ்டன் ரிங் இடைவெளி: மேல் ரிங்குக்குப் போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 4.5 தௌ, அதாவது 4.310 அங்குலப் போருக்குச் சுமார் 19. இரண்டாவது ரிங்குக்கு 5 தௌ வீதம் சுமார் 21 அல்லது 22. வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் அரத்தை ஓட்டுங்கள்.

ராடு பேரிங்கின் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் கிராங்கின் வளைவை நோக்கட்டும். பிஸ்டனில் பெரிய வால்வு பள்ளம் இன்டேக் பக்கம், அதாவது இரண்டு வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கை நோக்கி. ராடு போல்ட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குவதைவிட, நீட்சியை அளக்கும் கேஜ் வைத்து இறுக்குவதே சரி. இந்த என்ஜின் 6000 ஆர்.பி.எம்.-இல் சுற்றும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 4250 அடி. ராடு போல்ட் அறுந்தால் பிளாக்கில் ஜன்னல் வைத்த மாதிரி ஆகிவிடும்.

9. ஹெட்: காற்று வரும் வழி

பிக் பிளாக்கின் சிறப்பே ஹெட்தான். வால்வுகள் ஒரே தளத்தில் சாய்ந்து நிற்காமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சாய்ந்திருக்கும். முள்ளம்பன்றி என்று அமெரிக்கர்கள் செல்லப்பெயர் வைத்தது அதனால்தான். வால்வு திறக்கத் திறக்க சிலிண்டர் சுவரிலிருந்து விலகி வரும், காற்றுக்கு இடம் கிடைக்கும்.

ஓவல் போர்ட்டா, செவ்வகப் போர்ட்டா என்ற சண்டை ஓயாது. எல்.எஸ்.6-இல் செவ்வகப் போர்ட் வந்ததால் அதுதான் உயர்ந்தது என்ற எண்ணம் பலருக்கு. 6000 ஆர்.பி.எம்.-க்குள் ஓடும் சாலைக் காருக்கு ஓவல் போர்ட்தான் என் பதில். சிறிய குழாயில் காற்றின் வேகம் கூடும், கீழ் வேகத்தில் சிலிண்டர் நன்றாக நிறையும். 290 முதல் 320 சி.சி. வரை போர்ட் உள்ள இன்றைய அலுமினிய ஓவல் ஹெட்டுகள், 2.25 அங்குல இன்டேக் வால்வும் 1.88 எக்ஸாஸ்ட் வால்வும் கொண்டவை, நம் இலக்குக்குத் தாராளம். பணம் குறைவென்றால் 781, 049 என்று முடியும் வார்ப்பு எண்கள் கொண்ட பழைய இரும்பு ஓவல் ஹெட்டுகளைப் பெரிய வால்வு போட்டுச் சீர் செய்யலாம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் அலுமினியத்தின் விலைக்கு அருகில் வந்து நிற்கும், எடையும் குறையாது. டிரக் 454-இல் வரும் மிகச் சிறிய போர்ட் ஹெட்டை மட்டும் இந்த என்ஜினுக்கு வைக்காதீர்கள்.

10. இப்போது கேம்ஷாஃப்ட்

கம்ப்ரஷன் தெரியும், ஹெட் தெரியும், ஆக்சில் தெரியும். இனி கேமைத் தேர்ந்தெடுப்பது பத்து நிமிட வேலை. ஹைட்ராலிக் ரோலர் வகை, அதாவது லிஃப்டரின் அடியில் உருளை உள்ளது. 50 தௌ லிஃப்டில் அளக்கும் கால அளவு இன்டேக்கில் 236 டிகிரி அளவிலும் எக்ஸாஸ்டில் 242 அளவிலும், லோப் (வால்வைத் தள்ளும் கேமின் மேடு) இடைவெளி 110 முதல் 112 டிகிரி, வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் உயரம், 600 தௌ. பிக் பிளாக்கின் ராக்கர் விகிதம் 1.7, எனவே லோப் மேடு 353 தௌ இருந்தால் வால்வில் 600 கிடைக்கும். இதே கேம் 350 கன அங்குல என்ஜினில் முரட்டுத்தனமாக ஓடும், 496-இல் சாதுவாகிவிடும்.

உருளை இல்லாத பழைய தட்டை டேப்பெட் (லிஃப்டர்) கேம் மலிவு. ஆனால் இன்றைய சாதாரண ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை குறைவு. பெரிய ஸ்பிரிங்கோடு ஓட்டும்போது லோப் தேய்ந்து, அந்த இரும்புத்தூள் புது பேரிங்குகளுக்குள் போகும். ரோலருக்கான கூடுதல் செலவை நான் காப்பீடு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரோலர் போடும்போது பலருக்கும் தவறும் விஷயம் இரண்டு. தட்டை டேப்பெட் லோபின் சாய்வு கேமைப் பின்னால் தள்ளிவைக்கும். ரோலர் கேமில் அந்தச் சாய்வு இல்லை, மார்க் ஃபோர் பிளாக்கில் கேமைப் பிடித்துவைக்கும் தகடும் இல்லை. ஆகவே கேமின் முன்முனையில் ஒரு பட்டன் வைத்து, வளையாத உறுதியான டைமிங் கவர் போட வேண்டும். இல்லாவிட்டால் கேம் முன்னும் பின்னும் நடக்கும், இக்னிஷன் டைமிங்கும் கூடவே ஆடும். அடுத்தது, டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் உலோகம். எஃகுக் கேமில் சாதாரண இரும்பு கியர் சீக்கிரம் தேய்ந்துவிடும். கேம் செய்தவர் சொல்லும் கியரை மட்டும் போடுங்கள்.

டைமிங் செயினில் புள்ளிக்குப் புள்ளி வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். டிகிரி சக்கரத்தைக் கிராங்கில் மாட்டி, பிஸ்டன் தடுப்பு வைத்து உண்மையான மேல்நிலையைக் கண்டுபிடியுங்கள். பிறகு முதல் சிலிண்டரின் இன்டேக் லோபின் உச்சம் எந்த டிகிரியில் வருகிறது என்று பாருங்கள். கேம் அட்டையில் 106 என்றிருந்து, உங்களுக்கு 110 வந்தால் செயின் கியரில் உள்ள வேறு சாவிப் பள்ளத்துக்கு மாற்றுங்கள்.

அப்புறம் களிமண் சோதனை. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை வைத்து, மெல்லிய சோதனை ஸ்பிரிங்கும் திட லிஃப்டரும் போட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றி, ஹெட்டைக் கழற்றிக் களிமண்ணைக் கத்தியால் வெட்டி அளங்கள். இன்டேக் வால்வுக்கு 80 தௌ, எக்ஸாஸ்டுக்கு 100 தௌ குறையக் கூடாது. மேடு உள்ள பிஸ்டன் என்பதால் மேட்டுக்கும் சேம்பருக்கும் இடையே உள்ள களிமண்ணையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

புஷ்ராடை அளந்த பிறகுதான் வாங்க வேண்டும். நீளத்தை மாற்றக்கூடிய சோதனைப் புஷ்ராடு வைத்து, வால்வு முனையில் ராக்கர் உரசும் தடம் நடுவிலும் ஒடுக்கமாகவும் வரும் வரை சரி செய்யுங்கள். வால்வுகள் கோணல் என்பதால் பிக் பிளாக்கில் எக்ஸாஸ்ட் புஷ்ராடு இன்டேக்கைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் நீளம். இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஹெட் போல்ட் துளைகளில் சில தண்ணீர்ப் பாதைக்குள் திறக்கும், அந்த மரைகளில் சீலன்ட் கட்டாயம்.

11. ஆயில், மேனிஃபோல்டு, கார்புரேட்டர், தீப்பொறி

ஆயில் பம்பு சாதாரணக் கொள்ளளவே போதும். ஆயிரம் ஆர்.பி.எம்.-க்கு 10 பி.எஸ்.ஐ. இருந்தால் திருப்தி. ஆயில் உறிஞ்சும் சல்லடைக்கும் பானின் அடிக்கும் இடையே கால் அங்குலம் முதல் 3/8 அங்குலம் வரை. இதையும் களிமண்ணால் அளந்து, பிறகு குழாயைப் பம்போடு வெல்டு செய்துவிடுங்கள்.  பம்பைத் தனியே பிரித்து, உள்ளே உள்ள ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள், சூட்டில் அது தளரும்.

கார்புரேட்டர் கணக்கு எளிது. 496-ஐ 6000-ஆல் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் 861. என்ஜின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிறைகிறது என்று வைத்தால் 818. எனவே 850 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) போதும். 1050 போட்டால் படம் எடுக்க அழகு, கீழ் வேகத்தில் இருமும். அடியில் உயரமான டூயல் பிளேன் மேனிஃபோல்டு. பானட் மூடுமா என்று களிமண் உருண்டையை ஏர் கிளீனர் மேல் வைத்து ஒரு முறை மூடிப் பாருங்கள்.

இக்னிஷன் வரிசை 1-8-4-3-6-5-7-2. டிரைவர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7, மறுபக்கம் 2, 4, 6, 8. மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் மேலே வருவதற்கு எத்தனை டிகிரி முன் தீப்பொறி வருகிறது என்பது) 34 முதல் 36 டிகிரி, 3000 ஆர்.பி.எம்.-க்குள் வந்துவிட வேண்டும். ஐடிலில் 14 முதல் 18. வாக்குவம் அட்வான்ஸ் பந்தயக் காருக்கு வேண்டாம், சாலையில் ஓட்டுபவர் அதைக் கழற்றி எறிவது பெட்ரோலை எறிவதற்குச் சமம்.

காரில் இறக்கும்போது தண்ணீர் பம்பைக் கவனியுங்கள். 1968 வரை குட்டை பம்பு, 1969 முதல் நெட்டை. புல்லிகளும் பிராக்கெட்டுகளும் அதற்கேற்ப மாறும். ஹெடர் குழாய் 1 7/8 அல்லது 2 அங்குலம். ரேடியேட்டரில் ஃபேன் ஷ்ரவுடு இல்லாமல் ஓட்டாதீர்கள். டேம்பரைச் சுத்தியலால் அடித்து ஏற்றவே கூடாது, அதற்கென்று திருகுக் கருவி உண்டு.

12. முதல் ஸ்டார்ட்

டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அதன் துளை வழியே டிரில் வைத்து ஆயில் பம்பைச் சுற்ற வேண்டும். வெறும் கம்பி போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்தான் லிஃப்டருக்குப் போகும் ஆயில் பாதையின் ஒரு சுவராக நிற்கிறது. அதே மாதிரி உடல் உள்ள கருவி வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் அங்கேயே கசிந்துவிடும். டிரில்லை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள், ஒருவர் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பட்டும். பதினாறு ராக்கரிலும் ஆயில் எட்டிப் பார்க்கும் வரை விடாதீர்கள்.

தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில். டைமிங்கைச் சுமார் 15 டிகிரியில் வைத்து, கார்புரேட்டர் கிண்ணங்களை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்தால் இரண்டாவது சுற்றிலேயே பற்ற வேண்டும். நீண்ட நேரம் கிராங்க் செய்து சிலிண்டரைப் பெட்ரோலால் கழுவாதீர்கள். ரோலர் கேம் என்பதால் இருபது நிமிடம் 2000-க்கு மேல் ஓட்டிப் பழக்கும் சடங்கு இல்லை. சூடேறும் வரை பார்த்து, ஒழுகல் இல்லை என்றால் சாலைக்கு எடுத்துப் போங்கள். ரிங்குகள் ஐடிலில் உட்காராது, சுமையில்தான் உட்காரும். இரண்டாவது கியரில் பாதி மிதியில் 4000 வரை ஏற்றி, கால் எடுத்துத் தானாக இறங்க விடுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை.

வீட்டுக்கு வந்ததும் ஆயிலை மாற்றுங்கள். ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பூச்சு இயல்பு. காந்தத்தில் ஒட்டும் செதில்கள் வந்தால் லிஃப்டர், கேம், ரிங் பக்கம் தேடுங்கள். ஒட்டாமல் பளபளத்தால் பேரிங்கைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். எதுவும் இல்லையென்றால் 500 மைல் கழித்து இன்னொரு முறை ஆயில் மாற்றம். அதற்குள் ஹெடர் போல்ட்டுகள் இரண்டு முறையாவது தளர்ந்திருக்கும், என்ஜின் ஆறியதும் இறுக்கிவிடுங்கள்.